பொன்னுருக்கும் நாளில் நான் ஜப்பானில் இருப்பேன்

தம்பி,

இன்று கட்டடத்துச் சலவை அறையில் எங்கள் வீட்டின் முறை. கீழே நிலவறையில் இயந்திரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது நிற்கும்வரை எனக்கு வேலை இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். உண்மையில் வேலை நிறைய இருக்கிறது. வருகிற வியாழக்கிழமை விமானம், பெட்டி இன்னும் வாயைத் திறந்தபடி கட்டிலில் கிடக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை நீயும் எனக்கு மருமகளாக வரப்போகிற அபிராவும் பூம்ப்ளிஸ் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது, “அம்மா, கோவிக்காதைங்கோ, இந்தப் பயணத்தை ஒரு வருசம் தள்ளிப்போட்டா என்ன? ஜப்பானில இருக்கிற மிசின் ஓடிப் போகாதுதானே?” என்று கேட்டாய். நான் “பாப்பம்” என்றேன். நீ அதை “ஓம்” என்று எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய் என்பது புதன்கிழமைதான் எனக்குத் தெரியவந்தது. கூரில் இருக்கும் உன் மாமி, அப்பாவின் அக்கா, தொலைபேசியில் என்னைப் பாராட்டினா: “பயணத்தை விட்டிட்டியாம். இப்பதான் உனக்குப் புத்தி வந்திருக்கு.”

நான் விடவில்லை, தம்பி. களைத்துப்போயிருக்கும்போது என் வாயில் வருகிற சொல் “பாப்பம்”. உன் அப்பா இருந்த காலத்தில் அதை “இல்லை” என்று சரியாக விளங்கிக்கொள்வார். நீ எப்போதும் “ஓம்” என்றே எடுத்துக்கொள்வாய். சின்ன வயதில் அந்தச் சொல்லை வைத்தே என்னிடம் இரண்டு சைக்கிள் வாங்கியவன் நீ. ஆனபடியால் இந்த முறை எழுத்திலேயே சொல்லிவிடுகிறேன். உன் பொன்னுருக்கு நடக்கும் நாளில் நான் ஜப்பானில் ஒரு ஆய்வுகூடத்தில் இருப்பேன். கலியாணத்துக்கு நாலு நாள் முன்னதாக வந்துவிடுவேன். இந்தக் கடிதத்தை நீ யாருக்கும் வாசித்துக் காட்டலாம். கூருக்கும் அனுப்பலாம். அங்கே போய்ச் சேரவேண்டிய சில விஷயங்களும் இதில் இருக்கின்றன.

எனக்குக் கிடைத்த இந்தப் பயண உதவித்தொகை என்னவென்று நீ இதுவரை சரியாகக் கேட்டதில்லை. குற்றமாகச் சொல்லவில்லை, நானும் விளக்கமாகச் சொன்னதில்லை. இரசாயனவியலில் கலாநிதிப் பட்டம் முடித்துச் சில ஆண்டுகளே ஆனவர்களை, தங்கள் ஊரில் இல்லாத ஒரு முறையையோ கருவியையோ பழகிவர, வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்புகிறார்கள். வயதை அவர்கள் கேட்பதில்லை; பட்டம் எடுத்து எத்தனை ஆண்டு என்றுதான் பார்க்கிறார்கள். அதனால்தான் நாற்பத்தெட்டு வயதில் எனக்கு “அன்பான இளம் ஆய்வாளரே” என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. எங்கள் ஆய்வுகூடத்து உர்சுலா அதை அச்செடுத்துக் கோப்பி இயந்திரத்துக்கு மேலே ஒட்டிவைத்தாள். அன்றிலிருந்து நான் மூக்குக்கண்ணாடியைத் தேடும் ஒவ்வொரு முறையும், “இளம் ஆய்வாளரே, அது உங்கள் தலையில் இருக்கிறது” என்கிறாள்.

என் வேலை ஒரு தூளோடு. காற்றிலுள்ள ஈரத்தை அது பிடித்துவைக்கும். சூடாக்கினால் தண்ணீராக விட்டுவிடும். வறண்ட ஊர்களில் பயன்படும் என்று நம்புகிறோம். ஆனால் பிடிப்பதும் விடுவதுமாகப் பலமுறை போனபிறகு அது முன்போல் பிடிப்பதில்லை. எங்கள் துறையில் அதற்குக் களைப்பு என்றே பெயர். எந்த இடத்தில், எந்தச் சூட்டில் அந்தக் களைப்பு தொடங்குகிறது என்பதை இங்கே எங்களால் பார்க்க முடியவில்லை. சூடாக்கியபின் எடுத்துப் பார்க்கலாம். சூடாகிக்கொண்டிருக்கும்போது பார்க்க முடியாது. அந்த ஜப்பானிய ஆய்வுகூடத்தில் உள்ள நுணுக்குக்காட்டிக்குள்ளேயே ஒரு சிறிய உலை இருக்கிறது. தூள் சூடாகும்போதே அதன் உள்ளமைப்பு எங்கே உடைகிறது என்று கண்ணால் பார்க்கலாம். நான் நாலு வருடமாக ஊகித்துக்கொண்டிருப்பதை ஒரு வாரத்தில் பார்த்துவிடலாம்.

அந்த ஒரு வாரம்தான் உன் பொன்னுருக்கு வருகிற வாரம். வெளியிலிருந்து வருபவர்களுக்கு அந்தக் கருவியை முறைவைத்துத்தான் கொடுக்கிறார்கள்; எனக்குக் கிடைத்த முறை அது. முன்னுக்குள்ள வாரங்களில் பழக்குவார்கள், தூளை ஆயத்தம் செய்விப்பார்கள். கடைசியில் கருவி என் கையில். மாற்ற முடியுமா என்று நான் கேட்டேன், தம்பி. உனக்காகக் கேட்டேன். அடுத்த வருடம்தான் என்றார்கள். அடுத்த வருடம் என் பட்டத்துக்கு வயது கூடிவிடும். இந்த உதவித்தொகைக்கு எனக்குத் தகுதி இருக்காது. “மிசின் ஓடிப் போகாதுதானே” என்று நீ கேட்டாய். துணி துவைக்கிற இயந்திரத்துக்கே முறைப் பட்டியல் தொங்குகிற நாட்டில் பிறந்தவன் நீ. பக்கத்து வீட்டுச் சுவிஸ்காரியின் சலவை நாளில் நான் இரண்டு துவாய் போட்டதற்கு அவ ஒரு மாதம் எனக்கு வணக்கம் சொல்லாமல் இருந்ததும் உனக்குத் தெரியும்.

இதற்கு விண்ணப்பிக்கும்போது “ஏன் நீங்கள்?” என்று ஒரு கேள்வி இருந்தது. ஒரு பக்கத்துக்குள் எழுதவேண்டும். இரண்டு கிழமை அந்தப் பக்கம் வெறுமையாகவே கிடந்தது. தூளைப்பற்றி எவ்வளவும் எழுதுவேன். என்னைப்பற்றி எழுத எனக்குப் பழக்கமில்லை. இருபத்தியொரு வயதில் இரசாயனவியல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு உன் அப்பாவைக் கலியாணம் கட்டி இங்கே வந்தேன். “ஏன் நீ?” என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, சாதகம் பொருந்தியது, அவ்வளவுதான். நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபின் ஆய்வுகூட உதவியாளராகத் தொழிற்பயிற்சி எடுத்தேன். நீயும் நானும் ஒரே மேசையில் வீட்டுப்பாடம் செய்தோம். நான் ஜெர்மன் சொற்களை உச்சரிக்க நீ சிரிப்பாய், “அம்மா, வாயை இப்பிடி வையுங்கோ” என்று உதட்டைக் குவித்துக் காட்டுவாய். மூலகங்களின் அட்டவணையை எனக்கு முன் நீ பாடமாக்கிவிட்டாய். அப்பா இறந்துபோனபோது உனக்குப் பதின்மூன்று வயது. நான் மேற்படிப்பின் நடுவில். ஒரு கிழமை வகுப்புக்குப் போகவில்லை. எட்டாம் நாள் நீதான் என் பையைக் கதவடியில் கொண்டுவந்து வைத்தாய். அந்தப் பக்கத்தை நிரப்ப உட்கார்ந்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தப் பைதான். அதை எழுதவில்லை. எழுதியிருந்தால் அவர்களுக்கு விளங்கியிருக்காது. ஆனால் அதை நினைத்த பிறகே என்னால் மிச்சத்தை எழுத முடிந்தது.

இனிப் பொன்னுருக்கு. நீ ஞாயிற்றுக்கிழமை சொன்னது சரி. மாப்பிள்ளை வீட்டில் நடக்கிற முதல் காரியம் அது. தாலிக்கான பொன்னை வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொடுத்து, எல்லோரும் பார்த்திருக்க ஆசாரியார் உருக்குவார். “பொடியன்ர தாய் இல்லாமப் பொன்னுருக்கோ? ஆக்கள் என்ன கதைப்பினம்?” என்று மாமி கேட்டதும் சரி. நான் அவவிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். நாங்கள் கதைத்ததை அப்படியே எழுதுகிறேன்.

“மச்சாள், நான் நிண்டா எனக்கு அண்டைக்கு என்ன வேலை?”

“உனக்கென்ன வேலை? வாற ஆக்களுக்குச் சாப்பாடு குடுக்க வேண்டாமே? ஐம்பது பேர் வருகினம். அந்த வடையை உன்னைவிட ஆர் சுடுறது?”

“தட்டு ஆர் தூக்கிறது?”

அவ குரலைத் தணித்து, அன்பாகத்தான் சொன்னா. “அதை நான் பாக்கிறன் பிள்ளை. நீ அதுக்கெல்லாம் யோசிக்காதை. உனக்கும் சங்கடம், பாக்கிற ஆக்களுக்கும் சங்கடம். நல்ல காரியம் எல்லோ.”

விளங்குகிறதா, தம்பி? நான் இல்லாமல் பொன்னுருக்கு நடக்கக்கூடாது. நான் இருந்தால் குசினியில் இருக்கவேண்டும். அந்த வடைக்காகத்தான் ஜப்பானை விடச்சொல்கிறார்கள்.

உன் மாமியின் மூத்த மகனுக்குப் பொன்னுருக்கிய நாள் உனக்கு நினைவிருக்கும். உனக்குப் பத்தொன்பது வயது, புது வேட்டி இடுப்பில் நிற்காமல் பெல்ட் கட்டியிருந்தாய். கூரில் அவவின் வீட்டு இருப்பறையில் மேசையை ஒதுக்கி, நிறைகுடம் வைத்து, எல்லோரும் சுற்றி நின்றார்கள். சூரிச்சிலிருந்து வந்த ஆசாரியார் ஒரு சின்ன காஸ் அடுப்போடு உட்கார்ந்திருந்தார். நான் குசினியில் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால். சுவாலை பற்றவில்லை. பற்றினால் மஞ்சளாகப் புகைந்து அணைந்தது. சுபநேரம் போய்க்கொண்டிருந்தது. ஆசாரியார் வியர்த்துப்போனார். காஸ் மணக்கத் தொடங்கியதும் யாரோ ஒருவர், “ஐயா, கலியாணத்துக்கு முன்னம் எங்களை உருக்கிப்போடாதைங்கோ” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் மாமி குசினிக்கு ஓடிவந்தா. “எடி, நீதானே லாப்பில வேலை செய்யிறாய்? வந்து இந்தச் சனியனைப் பத்தவை!”

நான் கையைத் துடைத்துக்கொண்டு போனேன். முதலில் யன்னலைத் திறக்கச் சொன்னேன். புதுச் சிலிண்டர், குழாய் அதன் வாயில் சரியாகப் பொருந்தவில்லை. கழற்றிப் பூட்டினேன். காற்றுப் போகிற வளையம் மூடிக்கிடந்தது, அதைத் திருப்பினேன். நீலச் சுவாலை நேராக நின்றது. ஆசாரியார் “ஆ!” என்றார். இரண்டு பேர் கைதட்டினார்கள். நான் நிமிர்ந்தபோது பொன்நாணயம் இருந்த தட்டு எனக்குப் பக்கத்திலேயே இருந்தது. மாமி என் முழங்கையைத் தொட்டு, காதோடு காதாக, “சரி பிள்ளை, இனி நீ அங்கால போ” என்றா. நான் போனேன். நாணயம் உருகுகிறதைப் பார்க்கவில்லை. எண்ணெய் காய்ந்துபோயிருந்தது, வடை கருகியது. அதற்கும் பேச்சு வாங்கினேன். அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. ரயிலில் திரும்பும்போது நீ என் தோளில் தூங்கிப்போனாய். நான் யன்னலுக்கு வெளியே ஏரியைப் பார்த்துக்கொண்டு, உலோகம் திண்மத்திலிருந்து திரவமாகிற அந்தக் கணத்தில் மேற்பரப்பு எப்படி மினுங்கும் என்று யோசித்துக்கொண்டு வந்தேன். அதை நான் ஆய்வுகூடத்தில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வீட்டில்தான் பார்க்கவில்லை.

மாமியைக் கெட்டவ என்று நினைக்காதே. அப்பா போன நாட்களில் கூரிலிருந்து வந்து எங்கள் குசினியில் நின்றவ அவதான். ஹோட்டல் வேலையில் கட்டில்கள் விரித்து விரித்துக் கை வீங்கிய நிலையிலும் எனக்குச் சோறு குழைத்துத் தந்தவ. அவவுக்குத் தெரிந்த ஒழுங்கு அது. நான் கேட்டிருந்தால் சிலவேளை மாற்றியிருப்பா. நான் ஒருநாளும் கேட்கவில்லை. முதல்முறை யாரோ சொன்னார்கள்; ஒரு சாமத்தியச் சடங்கில், ஆரத்தித் தட்டுக்குக் கை நீட்டியபோது. அதற்குப் பிறகு யாரும் சொல்லவேண்டியே இருக்கவில்லை. தட்டுகளை எடுக்கும் நேரம் வருமுன் நானே எழுந்து குசினிக்குப் போய்விடுவேன். யாராவது சொல்லிப் போவதைவிட அது சுலபமாக இருந்தது. வேலை இருப்பதுபோல் காட்டிக்கொள்வேன். காலப்போக்கில் உண்மையாகவே வேலை இருந்தது. ஐரோப்பா பிளாட்ஸ் கோயிலிலும் அப்படித்தான். பூசைக்கு நிற்பவர்களைவிடப் பாத்திரம் கழுவுகிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும்.

இதை நான் யாருக்கும் சொல்ல நினைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ சொன்ன ஒரு வசனம்தான் இவ்வளவையும் எழுதவைத்தது. நான் தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன். நீயும் அபிராவும் இருப்பறையில் சுவிஸ் ஜெர்மனில் கதைத்துக்கொண்டிருந்தீர்கள். “உங்கட அம்மா எங்க நிப்பா? போட்டோக்காரருக்குச் சொல்லவேணும்” என்று அவள் கேட்டாள். நீ சிரித்துக்கொண்டு சொன்னாய்: “அம்மாவுக்கு முன்னுக்கு நிக்கிறது பிடிக்காது. அவ குசினியிலதான் சந்தோசமா இருப்பா. எப்பவும் அப்பிடித்தான்.” என் தலைக்குள் அதைத் தமிழாக்கிப் பார்த்தேன். இன்னும் அந்தப் பழக்கம் போகவில்லை. தமிழிலும் அது அதேதான்.

உன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட ஒரு தெம்பு வேண்டும். நீ கண்ணால் கண்டதைத்தான் சொன்னாய். பதின்மூன்று வயதிலிருந்து நீ கண்டது, சடங்கு தொடங்கியதும் எழுந்து போகிற ஒரு அம்மாவை. அவ எதற்காக எழுந்து போகிறா என்று கேட்க வேண்டும் என்று உனக்குத் தோன்றவில்லை; தோன்றாமல் பார்த்துக்கொண்டது நான். அந்த இடத்தில்தான் உன் கலியாணத்துக்கு என்று எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. அபிரா பிரசவ விடுதியில் முறைவேலை முடித்து வந்து, “எனக்குப் பரவாயில்லை” என்று சொல்லுவாள். இப்போதே சொல்லுகிறாள், மண்டபம் பற்றி, சேலை நிறம் பற்றி, இரண்டு பேரில் யார் வேலையைக் குறைப்பது என்பது பற்றி. அதை முதல்தரம் கேட்டதோடு விட்டுவிடாதே. உட்கார்ந்து மறுபடி கேள். ஒரு ஆள் ஒரு இடத்தில் நெடுங்காலம் நிற்பதை வைத்து, அந்த ஆளுக்கு அந்த இடம் பிடித்திருக்கிறது என்று எண்ணிக்கொள்ளாதே. நீ கெட்டிக்காரன். கணினியில் ஒரு பிழை வந்தால் அது எங்கிருந்து தொடங்கியது என்று நாள்முழுக்கத் தேடுவாய். வீட்டிலும் கொஞ்சம் தேடு.

பொன்னுருக்கு அன்றைக்குத் தட்டை மாமி தூக்கட்டும். மனம் நொந்து சொல்லவில்லை. அவவுக்கு அது பெரிய சந்தோசம், உன்மேல் அவவுக்கு உரித்தும் இருக்கிறது. வடையைக் கடையில் எடுங்கள். ஓர்லிகோனில் நல்லதாகச் செய்கிறார்கள். ஆசாரியார் வந்ததும் குழாய் சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று நீயே பார், யன்னலைக் கொஞ்சம் திறந்து வை. நடந்துகொண்டிருக்கும்போது தொலைபேசியில் என்னைக் காட்ட வேண்டாம். அங்கே அப்போது பின்னேரம் ஆகியிருக்கும். நான் என் தூளுக்கு முன்னால் இருப்பேன். திரையில் எல்லோருக்கும் கையசைத்துவிட்டுத் திரும்பிவர என்னால் முடியாது. பிறகு ஒரு படம் அனுப்பு. பொன் உருகி உருண்டையாக நிற்கிற படம். ஆட்கள் இல்லாமல்.

கலியாணம் வேறு. கலியாணத்துக்கு நான் அங்கே நிற்பேன். தாலி கட்டியபின் அறுகரிசி போட மணவறைக்கு யார் முதலில் ஏறுவது, யார் பின்னால் என்று மாமி ஒரு ஒழுங்கு போட்டிருப்பா. அதில் நான் எங்கே என்று நான் கேட்கமாட்டேன். அவவிடமும் கேட்கமாட்டேன், உன்னிடமும் கேட்கமாட்டேன். இந்த வருடம் எனக்காக ஒரு விண்ணப்பம் எழுதிவிட்டேன். ஏன் நான் என்று, என்னை முன்பின் தெரியாதவர்களுக்கு விளக்கினேன். அவர்கள் வாசித்துவிட்டு, வா என்றார்கள். என் பிள்ளையின் தலையில் அரிசி போடுவதற்கு இன்னொரு விண்ணப்பம் எழுத எனக்குப் பலமில்லை, தம்பி.

இயந்திரத்தின் சத்தம் நின்றுவிட்டது. போய்த் துணியை எடுக்கவேண்டும். அடுத்த முறைக்காரி கதவடியில் கூடையோடு நிற்பாள். உனக்கும் அபிராவுக்கும் குளிர்ப்பெட்டியில் மீன்குழம்பு வைத்திருக்கிறேன், மூடியில் பெயர் எழுதி. திரும்பிவரும் நாளில் விமான நிலையத்துக்கு வருவதாக நீ முன்னமே சொல்லியிருந்தாய். “அம்மா, குசினிக்கு வேற ஆள் பிடிச்சாச்சு, நீங்கள் எங்களோட மணவறையில நிக்கிறியள்” என்று சொல்ல வருகிறாய் என்றால் வா. பெட்டியை நீ தூக்கலாம். வேறு என்னவென்றாலும் மினக்கெடாதே. நான் ரயிலில் வந்துகொள்வேன், எனக்கு அது பழக்கம்.

அம்மா